வழி மாற்றியவரே வழி காட்ட வேண்டும்

(கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு)

அறிவு கேள்வியிலே பிறக்கிறது என்று ஆசிரியப் பெருமக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இணையத்தை அமைத்தவர்களும் இவ்வுண்மையை உணர்ந்திருந்தார்கள் போலும்! இணைய முகவரியிலே கேள்விக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நீண்ட முகவரிகள் சிலவற்றின் நடுவே ஒரு கேள்விக்குறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் வருவது படிப்பவர் கேட்கும் கேள்வி. எந்த நூல், எத்தனையாவது பக்கம், எந்த ஆண்டின் அறிவிப்பு என்பன எல்லாம் அங்கேதான் எழுதப்படுகின்றன.

ஓர் இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது இந்தக் கேள்விகளை நாம் என்ன செய்கிறோம்? பல இடங்களில் அவற்றைத் தூக்கிக் குப்பையிலே போடுகிறோம் என்பதே என் வருத்தம். பழைய கேள்வியோடு வருகிறவரை, அதற்குரிய புதிய பக்கத்திற்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது தளத்தை மாற்றியவரின் கடமை. இது கணினித் துறையினர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்று பிற துறை நண்பர்கள் எண்ணிவிட வேண்டா. ஆய்வேட்டின் அடிக்குறிப்பும், உதவித்தொகை அறிவிப்பும், அரசாணையும் இன்று இம்முகவரிகளை நம்பியே நிற்கின்றன. ஆகவே இது நம் எல்லோருக்கும் உரிய பொருள்.

முகவரியும் கேள்வியும்

ஒரு நூலகத்தின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பக்கத்தின் முகவரி 'நூல்?எண்=28&பக்கம்=112' என்று முடிவதாகக் கொள்க. கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள 'நூல்' என்பது பாதை. பின்னால் உள்ளவை கேள்விக் கூறுகள். 'எண்' என்பது ஒரு கூறின் பெயர்; 28 என்பது அதன் மதிப்பு. 'பக்கம்' என்பது மற்றொரு கூறு. அதன் மதிப்பு 112. இரண்டையும் '&' என்னும் குறி இணைக்கிறது. நம் இலக்கணத்தில் 'உம்' என்னும் இடைச்சொல் செய்யும் வேலையை இங்கே அந்தக் குறி செய்கிறது.

இது புதிய ஏற்பாடு அன்று. 1993-இல் சிஜிஐ என்னும் முறை வகுக்கப்பட்டபோதே, கேள்விக்குறிக்குப் பின்னுள்ள பகுதியைச் சர்வர் தனியே பிரித்து, 'குவெரி ஸ்ட்ரிங்' என்ற பெயரிலே நிரலின் கையில் கொடுத்தது. 1995-இல் பிஎச்பி மொழி வெளிவந்தது. அதன் பின்னர் ஒரே ஒரு நிரல், கேள்விக்குத் தக்கபடி பல்லாயிரம் பக்கங்களை வழங்கும் காலம் வந்தது. தமிழ்ப் படைப்புகளும் இவ்வழியேதான் வலையேறின. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிப் பின்பு தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆன நிறுவனத்தின் மின்நூலகத்தை நம் தமிழ்த்துறை நண்பர்கள் நன்கு அறிவார்கள். அதன் நூல்களை மேற்கோள் காட்டி ஆய்வாளர்கள் தந்த பழைய அடிக்குறிப்புகளில், கேள்விக்குறியை அடுத்து நூல் எண்ணும் பக்க எண்ணும் வரும் முகவரிகளைக் காணலாம்.

பின்னாளில் வழக்கம் மாறியது. 'நூல்/28/பக்கம்/112' என்பது போலக் கேள்விக்குறி இல்லாத முகவரிகளையே பலரும் விரும்பினர். படிக்கவும் சொல்லவும் எளிது. ஆகவே மாற்றம் நல்லதே. ஆனால், முன்பு அச்சேறிய அடிக்குறிப்பு தானாகத் திருந்திக்கொள்ளுமா? நண்பருக்கு அனுப்பிய செய்தி திரும்பி வந்து புதிய முகவரியை எழுதிக்கொண்டு போகுமா? பழைய முகவரி நம் கையை விட்டுப் போன சொல். அதைத் திரும்ப அழைக்க முடியாது. வந்து நிற்கும்போது வரவேற்கத்தான் முடியும்.

தீபத் திருநாள் கற்பிக்கும் பாடம்

நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் பேருந்துகள் வழக்கம்போல ஊருக்குள் வந்து போக முடியாது. ஊருக்கு வெளியே, வேலூர் சாலை, திண்டிவனம் சாலை, செங்கம் சாலை, திருக்கோவிலூர் சாலை எனப் பல சாலைகளிலும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கிறார்கள். தீபம் பார்த்துத் திரும்பும் குடும்பம் ஒன்று, வழக்கமான பேருந்து நிலையத்தைத் தேடி வருகிறது. வழியில் நிற்கும் காவலர் என்ன கேட்கிறார்? 'எந்த ஊருக்குப் போக வேண்டும்?' என்று கேட்கிறார். வேலூர் என்றால் ஒரு திசை. கள்ளக்குறிச்சி என்றால் வேறு திசை. வருகிறவர் எல்லோரும் ஒரே பாதையில்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களைப் பிரித்து அனுப்புவது அவர்கள் சொல்லும் விடை.

அந்தக் காவலர் ஊர்ப் பெயரைக் கேளாமலே, 'எல்லோரும் ராஜகோபுரத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? கோபுரம் உயர்ந்ததுதான்; காணத்தக்கதுதான். ஆயினும் கைக்குழந்தையோடு நள்ளிரவில் ஊர் திரும்ப நிற்பவளுக்கு அது விடையாகுமா? புதுப்பிக்கப்பட்ட இணையதளங்கள் பலவும் இன்று இதைத்தான் செய்கின்றன. நூல் 28, பக்கம் 112 என்று கேட்டு வருகிறவரையும், 2014-ஆம் ஆண்டின் அறிவிப்பைக் கேட்டு வருகிறவரையும் ஒருங்கே முகப்புப் பக்கத்திலே கொண்டுவந்து நிறுத்துகின்றன. அங்கே வண்ணப் படங்கள் உண்டு, வரவேற்பு உண்டு, கேட்ட பொருள் மட்டும் இல்லை.

சர்வர் பேசும் மொழி

இணையச் சர்வருக்கு மூன்றிலக்க எண்களால் ஆன ஒரு மொழி உண்டு. 301 என்றால் 'இப்பக்கம் நிலையாக இடம் மாறிவிட்டது. இதோ புதிய முகவரி' என்று பொருள். 302 என்றால் தற்காலிக மாற்றம். 404 என்றால் 'காணவில்லை'. 410 என்றால் 'இருந்தது, இப்போது நீக்கப்பட்டுவிட்டது'. இந்த நான்கிலும் ஒரு நேர்மை இருக்கிறது. முகப்புக்குத் தள்ளிவிடுவதிலே அந்த நேர்மை இல்லை. இல்லாத பொருளை இருப்பதுபோல் காட்டி, தேடி வந்தவரையே தம் அறிவின்மீது ஐயுற வைக்கிறது அது. முதன்முதலாகக் கணினியைத் தொடும் கிராமத்து மாணவன், 'நான்தான் தப்பாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது' என்று எழுந்து போய்விடுகிறான்.

அப்படியானால் இதைச் செய்வது கடினமா? இல்லை, ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளில் வழிமாற்று வேலைக்கென்றே 'மோட் ரீரைட்' என்ற பகுதி இருக்கிறது. ரால்ஃப் எங்கெல்ஷால் என்பவர் 1996-இல் எழுதி, 1997-இல் அப்பாச்சி குழுவினருக்கு நன்கொடையாகக் கொடுத்தது அது. அதில் விதி எழுதுகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் ஒன்று. விதி வரியானது முகவரியின் பாதையை மட்டுமே பார்க்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் எட்டிப் பார்க்காது. எனவே முழு முகவரியையும் விதியிலே எழுதிவிட்டுக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விதிக்கு முந்திய வரியில் ஒரு நிபந்தனை எழுதி, 'கேள்விப் பகுதியில் எண் என்னும் கூறு இருக்கிறதா? அதன் மதிப்பு என்ன?' என்று தனியாகக் கேட்க வேண்டும். அங்கே அகப்பட்ட மதிப்பைப் புதிய முகவரியிலே பொருத்த வேண்டும். மொத்தம் இரண்டு வரிகள்! எஞ்சின்எக்ஸ் என்னும் மற்றொரு சர்வரிலும் இதே கதைதான். அங்கும் பாதை வேறு, கேள்வி வேறு.

இன்னும் சில கவனங்கள் வேண்டும். 'எண்=28' என்று தேடும் நிபந்தனை, கவனக்குறைவாக எழுதப்பட்டால் 'எண்=281' என்பதையும் பிடித்துக்கொள்ளும்; 'பதிவு_எண்=28' என்பதையும் பிடித்துக்கொள்ளும். கூறு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வரம்பு கட்டுதல் அவசியம். எண்ணுக்குப் பின் பக்கமும் வரலாம். பக்கத்துக்குப் பின் எண்ணும் வரலாம். இரண்டுக்கும் வழி வேண்டும். அப்பாச்சியில் நாம் தடுக்காவிட்டால், பழைய கேள்விப் பகுதி புதிய முகவரியின் வாலாகவும் ஒட்டிக்கொண்டு வரும். நிலையான மாற்றமான 301-ஐ உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆதலால் முதலில் 302-ஆக வைத்துச் சோதித்து, பிழையில்லை என்று தெளிந்த பிறகே 301-ஆக மாற்றுவது அறிவுடைமை. பழைய முகவரியைப் புதியதற்கும், புதியதைப் பழையதற்கும் திருப்பிவிட்டாலோ முடிவில்லாத சுற்றுத்தான். கிரிவலத்திற்குப் பதினான்கு கிலோமீட்டரில் ஒரு நிறைவு உண்டு. இந்தச் சுற்றுக்கு அதுவும் இல்லை. உலாவி சலித்துப்போய் நின்றுவிடும்.

தமிழுக்கு உள்ள தனித் தொல்லை

கேள்வியின் மதிப்பு தமிழிலே இருந்தால் வேலை சற்றுக் கூடுகிறது. முகவரியில் தமிழ் எழுத்து நேரே பயணம் செய்வதில்லை. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8 முறைப்படி மூன்று பைட்டுகள் ஆகிறது. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு குறியெழுத்துகளுமாக எழுதப்படுகிறது. ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடங்கள். 'திருவண்ணாமலை' என்னும் சொல்லில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு குறிகள் உள்ளன. பன்னிரண்டை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 108! நம் ஊர்ப் பெயர் சர்வரின் வாசலுக்கு நூற்றெட்டு எழுத்துகளாகத்தான் வந்து சேர்கிறது.

'போளூர்' என்று ஒருவர் தட்டச்சு செய்கிறார். அதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சர்வருக்கோ அவை வேறு வேறு. யூனிகோடு விதிகள் இரண்டையும் சமமாகவே கருதச் சொல்கின்றன. ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரும் பொறுப்பு நிரல் எழுதுகிறவருடையது. இவை போதாவென்று, யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாம், டாப் என்று பல குறிமுறைகள் வழங்கின. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல்தான். அதற்கு முற்பட்ட முகவரிகளில் பழைய குறிமுறையில் அமைந்த தமிழ்ச் சொற்கள் இருக்குமானால், அவற்றை மொழிபெயர்த்து அனுப்ப ஓர் அட்டவணை வேண்டும்.

இதற்கு நல்ல தீர்வு எண்தான். 1998-இல் பொங்கலை ஒட்டித் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களுக்கு வரிசை எண் கொடுத்துவந்தது. டிஸ்கி போய் யூனிகோடு வந்த பின்னும் நூலை எண்ணால் சுட்ட முடிந்தது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பக்க எண் உண்டு. கட்டுரையின் தலைப்பை மாற்றினாலும் அந்த எண் மாறாது. பழைய தலைப்பிலிருந்து புதிய தலைப்புக்கு ஒரு வழிமாற்றுப் பக்கத்தையும் விட்டுவைப்பது அங்கே வழக்கம். 'வழிமாற்று' என்னும் அழகிய சொல்லை அங்கே நாள்தோறும் காணலாம். ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் பின்பற்றும் இந்த ஒழுங்கைப் பொருள்வசதி மிக்க நிறுவனங்கள் பின்பற்றக் கூடாதா?

அஞ்சல் துறை இப்பாடத்தை நெடுநாள் முன்பே கற்றுவிட்டது. 1972 ஆகஸ்டு 15-இல் அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டப் பெயர் மாறியதனால் 606601 என்னும் எண் பொருளற்றுப் போகவில்லை. பழக்கத்தால் 'வட ஆற்காடு' என்று எழுதிவிட்டவரின் கடிதத்திலும் அந்த எண் இருந்தால் வழி தெரியும். ஆட்சி எல்லைகள் மாறும், பெயர்கள் மாறும், நல்ல முகவரி அவற்றின் மாற்றத்தைத் தாங்க வேண்டும்.

மறுப்புரைகளும் விடைகளும்

'தேடுபொறி இருக்கிறதே, தேடிக்கொள்ளட்டும்' என்பார் சிலர். தேடுபொறி ஒத்த பொருளைக் காட்டும். அதே பொருளைக் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை. ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியர் தேடுவது, அந்த மாணவர் படித்த அதே பக்கத்தை. அது கிடைக்காவிட்டால் மேற்கோள் உண்மையா பொய்யா என்று எவ்வாறு தீர்ப்பது?

'பழையது போகட்டும், இதனால் என்ன பெரிய இழப்பு?' என்பார் வேறு சிலர். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் நூற்றுக்கு 38 பக்கங்கள் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை. அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சுட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, சுட்டிய பொருளைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2014-இல் எடுத்துக்காட்டினார்கள். நீதியின் அடிக்குறிப்புக்கே இந்தக் கதி என்றால், நம் அடிக்குறிப்புகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

'செலவு' என்பது மூன்றாவது மறுப்பு. தளத்தின் தரவுகளைப் புதிய இடத்திற்கு மாற்றும்போது, எந்தப் பழைய எண் எந்தப் புதிய பக்கமாயிற்று என்பது மாற்றுகிறவருக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரியாமல் எப்படி மாற்ற முடியும்? அந்தப் பட்டியலை வேலை முடிந்ததும் அழித்துவிடாமல் சர்வரிடம் கொடுப்பதுதான் வேண்டிய செலவு. கூகுள் நிறுவனத்தின் நிலையையும் நினைத்துப் பார்க்கலாம். தன் குறுமுகவரிச் சேவையில் உண்டான இணைப்புகள் 2025 ஆகஸ்டு 25-க்குப் பின் இயங்கமாட்டா என்று அது அறிவித்தது. பின்னர் அந்த மாதத் தொடக்கத்திலேயே, பயன்பாட்டில் உள்ளவற்றை விட்டுவைப்பதாக நிலையை மாற்றிக்கொண்டது. பயன்படுத்துவோரின் குரலுக்கு வலிமை உண்டு என்பதை இது காட்டவில்லையா?

ஒரு நியாயமான அச்சமும் உண்டு, அதை மறைக்கலாகாது. சில தளங்களில், 'அடுத்து எங்கே போக வேண்டும்' என்ற முகவரியே கேள்விக் கூறாக வருகிறது. அதில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே அனுப்பிவைக்கும் சர்வர், திருடனுக்குத் தரகு வேலை பார்க்கிறது. நம்பிக்கைக்குரிய வங்கியின் பெயரில் தொடங்கும் முகவரி, மோசடிக்காரனின் பக்கத்திலே கொண்டுபோய் விட்டுவிடும். ஆகவே தன் அட்டவணையில் உள்ள இடங்களுக்கு மட்டுமே சர்வர் வழிமாற்ற வேண்டும். அதுபோலவே தேர்வுப் பதிவெண், பிறந்த நாள் போன்றவற்றைக் கேள்விப் பகுதியிலே வைத்து அனுப்பும் பழக்கம் ஒழிய வேண்டும். முகவரி சர்வரின் பதிவேட்டிலும் உலாவியின் வரலாற்றிலும் தங்கிவிடுகிறது. பதிவெண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டால் அடுத்தவர் மதிப்பெண் தெரியும் என்றால், அது மாணவர் மானத்தின்மேல் கை வைப்பதாகும். அத்தகைய பழைய முகவரிகளை வழிமாற்றாமல், 410 சொல்லி மூடிவிடுவதே முறை. எதைக் காக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்மானிப்பதுதான் நான் வேண்டும் பொறுப்பு.

நாம் செய்யத்தக்கது

வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற கருத்தை 1998-லேயே ஒரு கட்டுரையாக எழுதினார். மாறாமலே இருப்பது எல்லோராலும் ஆகாது என்றாலும், மாற்றியதை அறிவிப்பது எல்லோராலும் ஆகும். பொதுப்பணத்தில் இணையதளம் அமைக்கும் ஒவ்வொரு நிறுவனமும், ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு சேர்க்க வேண்டும்: 'பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும், அதன் கேள்விக் கூறுகளோடு, புதிய முகவரி காட்டும் அட்டவணை ஒப்படைக்கப்பட்ட பின்னரே இறுதித் தொகை வழங்கப்படும்.' இந்த ஒரு வாசகம் எத்தனையோ பக்கங்களைக் காக்கும்.

கல்லூரிகளில் இவ்வேலையை நாமே தொடங்கலாம். தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் தம் மாணவர் ஆய்வேடுகளில் உள்ள இணைய முகவரிகளைத் தொகுத்து, எவை உயிரோடு இருக்கின்றன என்று பார்க்கட்டும். இறந்தவற்றுக்கு, 1996-இல் தொடங்கிய இணைய ஆவணகத்தில் படி இருக்கிறதா என்று தேடட்டும். கணினித் துறை மாணவர்களாகிய நாம், தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நிரல்களோடு இந்த இரண்டு வரி விதியையும் எழுதிப் பழகுவோம். செய்முறை வகுப்பில் பழைய முகவரிகள் நூற்றைக் கொடுத்து, ஒவ்வொன்றும் சரியான இடத்தில் போய்ச் சேர்கிறதா என்று சோதிக்கச் சொன்னால், அதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறென்ன வேண்டும்?

நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் இணையதளங்களை மாற்றி அமைக்கும் இடத்தில் அமரப் போகிறோம். அன்று நம் கையில் ஒரு பழைய முகவரிப் பட்டியல் வந்து சேரும். அதில் உள்ள ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் பின்னால், முகம் தெரியாத ஒருவர் விடைக்காகக் காத்து நிற்கிறார் என்பதை அப்போது நினைவில் கொள்வோம். அவரை வாசலில் நிறுத்திவிட்டுப் போகாமல், அவர் கேட்ட பக்கம்வரை அழைத்துச் செல்வோம்.